நாலு பேக், நாலு ஒலி

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விருந்தினர் தோளில் தொங்குவது பேக். அறையைக் காலி செய்யும் நாளில் துணிமணிகளை மூட்டை கட்டுவது பேக். வெளியே போனவர் திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்டால் அதிலும் ஒரு பேக். சமையற்கட்டில் ரொட்டி சுடுவதும் பேக். தமிழில் எழுதினால் நாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் நாலும் வேறு வேறு.

இலக்கணம் தவறினால் பெரிய மோசமில்லை. 'யெஸ்டர்டே ஐ கோ' என்றாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். ஒலி மாறினால் சொல்லே மாறிவிடுகிறது. ஆகவே வெள்ளைக்காரர் மாதிரி பேச முயல வேண்டாம்; சொல்லின் தலையையும் கடைசியையும் திருத்தினால் போதும்.

முதலில் மூட்டை கட்டும் பேக். 'படம்', 'பல்' என்று சொல்லிப் பாருங்கள். நம்முடைய 'ப' காற்றைத் தள்ளுவதில்லை. ஆங்கிலத்திலோ சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி வரும்போது, உதடு பிரிந்ததும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். நாம் காற்றில்லாமல் சொன்னால் கேட்பவர் காதில் திரும்பி வரும் பேக்காக விழ வாய்ப்பு அதிகம். பஸ் டிக்கெட் போன்ற மெல்லிய தாளை உதட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் பிடியுங்கள். மூட்டை கட்டும் பேக் சொன்னால் தாள் துடிக்க வேண்டும். தோள்பை பேக் சொன்னால் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். டீ, டாக்ஸி, கீ இவற்றுக்கும் இதே காற்று வேண்டும். ஆனால் முன்னால் 'ஸ்' வந்துவிட்டால் காற்று தேவையில்லை. ஸ்பூன், ஸ்கூல் என்பவற்றில் நம் தமிழ் ஒலியே சரி. முன்னால் ஓர் 'இ' சேர்த்து 'இஸ்கூல்' ஆக்காமல் இருந்தால் போதும்.

தோள்பை பேக்குக்கும் திரும்பி வரும் பேக்குக்கும் வேறுபாடு கடைசியில் இருக்கிறது. பை என்றால் உயிரொலியைக் கொஞ்சம் இழுத்து, 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய 'க'வில் முடியுங்கள். திரும்பி வருவதற்கு உயிரைச் சட்டென்று வெட்டி, 'பக்கம்' என்பதில் வரும் வன்மையான 'க்'கில் நிறுத்துங்கள். இரண்டிலும் தாடை 'ஆ' சொல்வதுபோல நன்றாக இறங்க வேண்டும். ரொட்டி சுடும் பேக்குக்குத் தாடை அவ்வளவு இறங்காது. 'ஏய்' என்று ஒலிக்கும்.

கடைசி மெய்யில் நிறுத்துவதுதான் நமக்குப் பெரும்பாடு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. நாடு, பாக்கு, சோறு என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் பேக்கு, கேட்டு, பஸ்ஸு என்கிறோம். பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சிக்கல் வேறு. அந்த மொழியில் பல சொற்களின் கடைசி மெய் எழுத்தில் மட்டும் இருக்கும், வாயில் வராது. அகன்ற சாலையைக் குறிக்கும் நம் ஊர் 'புல்வார்' அப்படி வந்ததுதான். ஆங்கிலத்தில் அதற்குக் கடைசியில் 'ட்' உண்டு, அதை ஒலித்தாக வேண்டும்.

இறந்த கால வினையில் இந்தக் கடைசி ஒலி இன்னும் முக்கியம். 'வாக்கெட்', 'வாஷெட்' என்று பலர் சொல்கிறார்கள். அங்கே 'எ' கிடையாது. வாக்ட், வாஷ்ட், ஹெல்ப்ட் என்று ஒரே மூச்சில் முடியும். வினையே ட் ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை வரும்: வான்டட், நீடட். இரண்டு மெய் சேர்ந்து வாய்க்கு வரவில்லையென்றால் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துவிடுங்கள். 'வாஷ்ட் இட்' என்பது 'வாஷ்டிட்' ஆகும். பள்ளிக்கூடத்தில் படித்த, மெய்மேல் உயிர் ஏறுகிற அதே புணர்ச்சி!

பணம் கைமாறும் இடத்தில் அடிக்கடி குழப்புவது பதினைந்தும் ஐம்பதும். ஃபிஃப்டி என்றால் அழுத்தம் முதல் அசையில், கடைசி 'டி' குறுகும். ஃபிஃப்டீன் என்றால் 'டீ' நீண்டு 'ன்' தெளிவாகக் கேட்க வேண்டும். அழுத்தத்தை மட்டும் நம்ப முடியாது. பின்னால் 'ருபீஸ்' வந்தால் ஃபிஃப்டீனிலும் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். நேரு வீதிக் கடையிலோ ஆட்டோவிலோ சந்தேகம் வந்தால் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிடுங்கள். விமானத்திலும் கப்பலிலும்கூட எண்களை அப்படித்தான் சொல்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு ஆசிரியர் அருகில் இல்லையென்றால் கைப்பேசியின் குரல் தட்டச்சு உதவும். மொழித் தேர்வில் இந்திய ஆங்கிலத்தை விட்டுவிட்டு பிரிட்டிஷ் ஆங்கிலத்தை வையுங்கள். நாலு பேக்கையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, திரையில் எது விழுகிறது என்று பாருங்கள். வாக்கியமாகச் சொல்லாதீர்கள், முன்பின் சொற்களை வைத்து அதுவே திருத்தி எழுதிவிடும், உங்கள் பிழை உங்களுக்குத் தெரியாமலே போகும்.

வணக்கம்.