சாசனத்தில் பெயர் இருப்பது வேறு, சொத்து கைக்கு வருவது வேறு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த பழைய உடன்படிக்கையின் மக்கள் பெற்ற இரட்சிப்பும் கிறிஸ்துவை விசுவாசிக்கிற புதிய உடன்படிக்கையின் மக்கள் பெறுகிற இரட்சிப்பும் ஒன்றா, வேறா என்பது இந்த மன்றத்தின் முன் உள்ள கேள்வி. ஒன்றே என்று வாதிட்ட எதிரணித் தலைவர் ஆபிரகாமிலிருந்து தொடங்கினார். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் ஆதியாகமம் 15:6ஐச் சொன்னார். விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான் என்ற ஆபகூக்கின் வாக்கைச் சொன்னார். இவ்விரண்டையும் பவுல் தம் வாதத்திற்கு அடித்தளமாக்கியதையும் எடுத்துக்காட்டி, "அன்றும் விசுவாசம், இன்றும் விசுவாசம், ஆகவே அன்றும் இன்றும் ஒரே இரட்சிப்பு" என்று முடித்தார். அவையோர் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் அந்த வாக்கியத்தின் முற்பாதி முழுக்க முழுக்க உண்மை. "ஆகவே" என்ற சொல்லுக்குப் பின் வந்ததில்தான் எங்கள் அணிக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடுகிறேன். இரட்சிப்பு வேறுபடுகிறது என்று சொன்னவுடன் சிலர் எங்களை மார்சியோனின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்த அவரை ரோமாபுரிச் சபை கி.பி. 144இல் விலக்கியது; விலக்கியது சரியே. எங்கள் அணி இரண்டு தேவர்களைச் சொல்லவில்லை. அன்றைய மக்கள் கிரியையினால் இரட்சிக்கப்பட்டார்கள், நாம் கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோம் என்றும் சொல்லவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். விசுவாசம் என்பது நீட்டுகிற கை. கை ஒன்றே என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கையில் வைக்கப்பட்டது என்ன என்பதுதான் வழக்கு.

இரட்சிப்பு என்ற சொல்லையே பாருங்கள். செங்கடல் முன்னே கிடக்க, பார்வோனின் சேனை பின்னே துரத்தி வர, "இன்றைக்குக் கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்" என்று மோசே சொன்னபோது, அந்தச் சொல்லுக்குப் பொருள் எகிப்தியரின் கைக்குத் தப்புவது. நியாயாதிபதிகளின் நூலில் ஒத்னியேல் இரட்சகன் என்று அழைக்கப்படுகிறார். அவர் இரட்சித்தது அந்நிய அரசனின் ஆளுகையிலிருந்து. மத்தேயு முதலாம் அதிகாரத்திலோ, தமது ஜனங்களைப் பாவங்களிலிருந்து இரட்சிப்பார் என்று அதே சொல் வேறொரு பகைவனை நோக்கித் திரும்புகிறது. பழைய ஏற்பாட்டில் பாவமன்னிப்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இருந்தது. எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நாளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஏழாம் மாதம், பத்தாம் தேதி, பாவநிவிர்த்தியின் நாள். லேவியராகமம் 16ஆம் அதிகாரம் அதை விரிவாகச் சொல்கிறது. அன்றைக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, பிரதான ஆசாரியன் என்ற ஒரே ஒரு மனிதன் தேவ சந்நிதியை மறைத்த திரைக்கு உள்ளே போகலாம். அவனும் வெறுங்கையோடு போகமுடியாது; முதலில் தன் பாவத்திற்காகக் காளையின் இரத்தம், பிறகு மக்களுக்காக வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம். இன்னொரு கடாவின் தலைமேல் இரு கைகளையும் வைத்து இஸ்ரவேலின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்திற்கு ஓட்டிவிட வேண்டும். மக்கள் வெளியே உபவாசித்திருப்பார்கள். கடா கண்ணுக்கு மறைந்ததும் அவர்கள் விட்ட பெருமூச்சு உண்மையானது. அந்த ஆறுதலும் பொய்யல்ல. ஆனால் அடுத்த ஆண்டு, அதே மாதம், அதே தேதி, அதே காளை, அதே கடா. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியர் இந்தத் திரும்பத் திரும்ப வருதலைத்தான் பிடித்துக்கொள்கிறார். பலி பாவத்தை உண்மையிலேயே நீக்கியிருந்தால், அதை நிறுத்தியிருப்பார்கள் அல்லவா என்று கேட்கிறார். பின்பு சொல்கிறார்: அந்தப் பலிகளினாலே பாவங்கள் உண்டென்று வருஷந்தோறும் நினைவுகூருதல் உண்டாயிருக்கிறது.

நடுவர் அவர்கள் "நினைவுகூருதல்" என்ற அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பழைய ஏற்பாட்டில் "புதிய உடன்படிக்கை" என்ற சொற்றொடர் வெளிப்படையாக வருவது ஓரிடத்தில்தான், எரேமியா 31ஆம் அதிகாரத்தில். "அவர்கள் பிதாக்களை எகிப்திலிருந்து அழைத்துவந்தபோது பண்ணின உடன்படிக்கையைப்போல அல்ல" என்று கர்த்தரே அங்கே வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, முடிவில் "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்கிறார். ஆண்டுதோறும் பாவத்தை நினைவூட்டுகிற ஏற்பாடு ஒன்று. அதை இனி நினைப்பதே இல்லை என்கிற ஏற்பாடு மற்றொன்று. இவ்விரண்டின் கீழும் மனிதன் அடைவது ஒரே நிலைதான் என்று எதிரணி சொல்லுமானால், எரேமியாவின் வாயில் வந்த "போல அல்ல" என்ற சொற்களை என்ன செய்வதாக உத்தேசம்?

"கிழக்குக்கும் மேற்குக்கும் உள்ள தூரம் அவர் நம் பாவங்களை விலக்கினார் என்று 103ஆம் சங்கீதம் பாடுகிறதே" என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அழகாகக் கேட்டார். பாடுகிறது. அதைப் பாடியவரின் நம்பிக்கையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாடி முடித்தவரும் அடுத்த ஏழாம் மாதம் பத்தாம் தேதி உபவாசித்தாக வேண்டும். அதிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை.

இப்போது தாவீதுக்கு வருகிறேன். எதிரணி அவரைத் தங்கள் சாட்சியாக அழைத்தது. அவர் எங்களுக்கும் சாட்சி. விபசாரமும் கொலையும் அவர் மேல் இருந்தன. மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தில் அவற்றுக்கு என்ன வழி? அறியாமல் செய்த பாவத்திற்குப் பலி உண்டு என்று எண்ணாகமம் 15 சொல்கிறது. துணிகரமாய்ச் செய்பவனுக்கு அங்கே பலி எதுவும் சொல்லப்படவில்லை, அவன் அறுப்புண்டுபோக வேண்டும். கொலைபாதகனின் உயிருக்கு மீட்கும் பொருள் வாங்கக்கூடாது என்று 35ஆம் அதிகாரம் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்துகிறது. பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன் என்று 51ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வதை இந்தச் சட்டத்தின் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். அது கவிதைக்காகச் சொன்ன வரியன்று. கொண்டுபோகப் பலியே இல்லாத ஒரு மனிதனின் நிலை அது.

ஆயினும் தீர்க்கதரிசி நாத்தான் வந்து, "கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார், நீர் சாவதில்லை" என்றார். சட்டத்தில் இடமில்லாத இந்த மன்னிப்பு எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பவுல் விடை சொல்கிறார். ரோமர் 3:25இல், முற்காலத்தில் நடந்த பாவங்களைத் தேவன் பொறுத்துக்கொண்டார் என்றும், அப்படிப் பொறுத்துக்கொண்டதைக் குறித்துத் தம்முடைய நீதியைக் காண்பிக்கவே கிறிஸ்துவை ஏற்படுத்தினார் என்றும் எழுதுகிறார். அங்கே பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் "பாரெசிஸ்", அதாவது பொறுத்து விட்டுவிடுதல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அச்சொல் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. மன்னிப்புக்கு வழக்கமாக வரும் சொல் "அஃபெசிஸ்". பதினேழாம் நூற்றாண்டில் லைடன் நகரப் பேராசிரியர் கொக்சேயுஸ் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பழைய உடன்படிக்கையின் நீதிமான்களுக்குக் கிடைத்தது பாவத்தைக் கணக்கிடாமல் பொறுத்துக்கொள்ளுதல், நமக்குக் கிடைப்பது முழு விடுதலை என்று போதித்தார். உட்ரெக்ட்டின் வூட்டியுஸும் அவர் வழி வந்தவர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இந்த மன்றத்தில் இன்று நடப்பது புதிய சண்டையல்ல என்பதற்காகச் சொன்னேன். கொக்சேயுஸ் போன அளவுக்கு நான் போகமாட்டேன். ஒரே சொல்லின் மேல் மாளிகை கட்டுவது எனக்கு எப்போதும் அச்சம் தரும். ஆனால் சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தேவனுடைய நீதி காண்பிக்கப்பட வேண்டிய நிலையில் இருந்தது என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். தாவீதின் மன்னிப்பு உண்மை. அதன் ஆதாரம் இன்னும் வரலாற்றில் நிகழவில்லை. பிசீதியாவிலிருந்த அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் அதே பவுல் இதை ஒளிக்காமல் சொன்னார்: மோசேயின் நியாயப்பிரமாணத்தினாலே எவற்றிலிருந்து விடுதலையாக முடியாதிருந்ததோ, அவற்றிலிருந்து விசுவாசிக்கிற எவனும் இயேசுவாகிய இவராலே விடுதலையாகிறான்.

அதே 51ஆம் சங்கீதத்தில் இன்னொரு வேண்டுதல் இருக்கிறது. உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமல் இரும் என்று தாவீது கெஞ்சுகிறார். கர்த்தருடைய ஆவி சவுலை விட்டு நீங்கினதை அறிந்தவர் அவர்; நீங்கின பின் சவுல் என்ன ஆனான் என்பதை அருகில் இருந்து, கையில் சுரமண்டலத்தோடு, பார்த்தவர். "அது அரச பதவிக்கான அபிஷேகம், இரட்சிப்பு அல்ல" என்று எதிரணி சொல்லும். நல்லது, அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். அன்று ஆவியானவர் பதவிக்கும் பணிக்கும் அருளப்பட்டார்: பெசலெயேலுக்குக் கைவேலைக்காக, நியாயாதிபதிகளுக்குப் போருக்காக, எழுபது மூப்பருக்கு மோசேயின் பாரத்தைச் சுமப்பதற்காக. கர்த்தருடைய ஜனங்கள் எல்லார்மேலும் அவர் தம் ஆவியை இறங்கப்பண்ணினால் நலமாயிருக்குமே என்று மோசே ஏங்கினார். இருப்பதற்காக யாரும் ஏங்குவதில்லை. யோவேல் தீர்க்கதரிசி அதை வருங்காலத்தில் வைத்தார். இயேசு இன்னும் மகிமைப்படாதிருந்தபடியினால் பரிசுத்த ஆவி இன்னும் அருளப்படவில்லை என்று யோவான் 7:39 காரணத்தோடு சொல்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து யோவேலை மேற்கோள் காட்டியபோது அந்த ஏக்கம் முடிந்தது. மறுபிறப்பும், உள்ளே வாசம்பண்ணும் ஆவியும், "அப்பா பிதாவே" என்று கூப்பிடும்படி பிள்ளைகளாக ஏற்கப்படுகிற புத்திர சுவிகாரமும் இரட்சிப்பின் பகுதியே என்றால், இரட்சிப்பு மாறியிருக்கிறது. அவை இரட்சிப்பின் பகுதியல்ல, மேல் அலங்காரம்தான் என்று எதிரணி சொல்லத் துணிந்தால், அதைத் தெளிவாகச் சொல்லட்டும்.

எங்கள் அணியின் தலைப்பாக நான் எடுத்துக்கொண்ட உவமை என்னுடையதன்று, எபிரெயர் ஒன்பதாம் அதிகாரத்தினுடையது. "தியாதேக்கே" என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடன்படிக்கை என்றும் பொருள், மரணசாசனம் என்றும் பொருள். ஆசிரியர் இரண்டையும் ஒரே மூச்சில் பயன்படுத்துகிறார்: எங்கே மரணசாசனம் உண்டோ, அங்கே அதை எழுதினவனுடைய மரணமும் உண்டாக வேண்டும். உயில் எழுதப்பட்டுவிட்டது. அதில் ஆபிரகாமின் பெயரும் இருக்கிறது, மோசேயின் பெயரும் இருக்கிறது, ராகாபின் பெயரும் இருக்கிறது. அவர்கள் வாரிசுகள் என்பதை எவரும் மறுக்கமுடியாது. எழுதியவர் சொல் தவறாதவர் என்பதால் அந்த உயிலின் பேரில் நிம்மதியாக வாழலாம், நிம்மதியாகக் கண்மூடவும் செய்யலாம். ஆனால் சாசனம் எழுதியவர் மரித்தாலொழியச் சொத்து கைக்கு வராது. கலாத்தியர் நான்காம் அதிகாரம் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறது: சுதந்தரவாளி எல்லாவற்றுக்கும் எஜமானாயிருந்தும், சிறுபிள்ளையாயிருக்கும் காலமளவும் அவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசமில்லை. "வாரிசு வாரிசுதானே, என்ன வேறுபாடு" என்று எதிரணி கேட்கிறது. உயிலை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு காலங்கழித்த எந்த வாரிசையாவது கேட்டுப் பார்க்கட்டும்.

எதிரணி சீர்திருத்த இறையியலாளர் கால்வினைத் துணைக்கு அழைத்தது. முற்பிதாக்களோடு செய்த உடன்படிக்கையும் நம்மோடு செய்ததும் சாராம்சத்தில் ஒன்றே என்று அவர் எழுதியது உண்மை. 1559இல் வந்த அவருடைய பெருநூலின் இறுதிப் பதிப்பில், இரண்டாம் புத்தகத்தின் பத்தாம் அதிகாரம் அதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். பதினோராம் அதிகாரம் இரு ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பற்றியது. ஐந்து வேறுபாடுகளை அவர் விளக்குகிறார். அவர் முடிவு எதிரணிக்குச் சாதகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவர் எண்ணிக் காட்டிய பொருள் எங்களுக்குச் சாதகம். 1646இல் எழுதி முடிக்கப்பட்ட, சீர்திருத்த மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அப்படியே: ஏழாம் அதிகாரத்தில் உடன்படிக்கை ஒன்றே என்கிறது, இருபதாம் அதிகாரத்துக்கு வந்ததும், கிருபாசனத்தண்டை சேர அதிக தைரியமும், ஆவியானவரின் அதிக நிறைவும் நமக்கு உண்டு என்று அதுவே சேர்த்துக்கொள்கிறது. சீர்திருத்தவாதிகளோடு பலவற்றில் ஒத்துப்போகாத, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், 1547இல், பழைய சட்டத்தின் அருட்சாதனங்களும் புதியதன் அருட்சாதனங்களும் சடங்கில் மட்டுமே வேறுபடுகின்றன என்பவர்களைச் சபித்தது. அதே திருச்சபை, கிறிஸ்து பாதாளத்தில் இறங்கியது தமக்கு முன் மரித்த நீதிமான்களை விடுவிக்கவே என்று போதிக்கிறது. ஆதாமையும் ஏவாளையும் அவர் கைப்பிடித்துத் தூக்குவதாகக் கிழக்கத்தியத் திருச்சபைகள் உயிர்ப்பின் படங்களை வரைகின்றன. விடுவிக்கப்பட ஒருவர் காத்திருந்தார் என்றால், அதற்கு முன் அவர் இருந்த நிலையும் பின் இருந்த நிலையும் ஒன்றாக இருக்கமுடியுமா?

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்கள் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தருள வேண்டும். மோசே அமைத்த ஆராதனைக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தில் குத்துவிளக்கு இருந்தது, மேசை இருந்தது, தூபபீடம் இருந்தது, உடன்படிக்கைப் பெட்டி இருந்தது. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் மட்டும் சொல்லப்படவில்லை. எந்த ஆசாரியனும் நாடோறும் நின்று ஆராதனை செய்தான் என்றும், கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் என்றும் எபிரெயர் பத்தாம் அதிகாரம் எழுதும்போது, வேலை முடியாத ஓர் ஏற்பாட்டையும் முடிந்த ஓர் ஏற்பாட்டையும் நம் கண்முன் நிறுத்துகிறது.

ஆபேல், ஏனோக்கு, ஆபிரகாம், சாராள், மோசே, ராகாப், தாவீது என்று எதிரணி தன் சாட்சிகளை வரிசையாக நிறுத்தியது அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்திலிருந்து. அந்த வரிசையை முடிக்கும்போது ஆசிரியர் எழுதிய கடைசி இரண்டு வசனங்களை மட்டும் அவர்கள் வாசிக்கவில்லை. இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள். அவர்கள் நம்மையல்லாமல் பூரணராகாதபடிக்கு, விசேஷித்த நன்மையானதொன்றைத் தேவன் நமக்கென்று முன்னதாக நியமித்திருந்தார். எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர், அந்த "விசேஷித்த நன்மை" எது என்று முதலில் சொல்லிவிட்டு, இரண்டும் ஒன்றே என்ற தம் வாதத்தைத் தொடரட்டும். வணக்கம்.