கைப்பிடி அரிசி

நேயர்களுக்கு வணக்கம்.

'துன்பத்திலும் நிலைக்கும் விசுவாசம்' என்ற தலைப்பை நிலையத்தார் தொலைபேசியில் சொன்னபோது, இதற்கு ஒரு ஐயரை, அதாவது சபைப் போதகரை, கூப்பிடலாமே என்றேன். "பிரசங்கம் நிறைய வந்துவிட்டது டீச்சர், நீங்கள் உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்" என்றார்கள். சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் கதைதான் வரும்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். இப்போது பல வீடுகளில் அது பிளாஸ்டிக் டப்பா. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவோம். சேர்ந்த அரிசி கோவிலுக்குப் போகும். அதை விற்று வருகிற காசு சபைக் காரியங்களுக்கு. கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். என் அம்மை அளந்த அரிசியிலிருந்துதான் எடுப்பாள். "மூட்டையிலிருந்தே எடுத்துப் போட்டால் என்ன?" என்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். "நம்ம சாப்பாட்டுல குறையணும்ளா. மூட்டையில எடுத்தா யாருக்குக் குறையுது?" என்றாள். வேறு விளக்கம் சொல்லவில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் வீட்டுக்காரர் போய்விட்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. கோவில் பூட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நாலு பேர், தூரத்தில் ஐயர், அதற்கும் தூரத்தில் நானும் மகனும். ஐம்பது வருடமாகக் கீர்த்தனை பாடிய மனுஷனுக்கு ஒரு கீர்த்தனை முழுதாகப் பாட ஆளில்லை.

அப்புறம் ஃபோன்கள். நல்ல மனதோடுதான் எல்லோரும் பேசினார்கள். "எல்லாம் நன்மைக்கே டீச்சர்" என்றார்கள். சபையில் பெரியவர் ஒருவர், "ஜெபத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும், ஆராய்ந்து பாருங்கள்" என்றார். அவரை நான் இன்னும் முழுசாக மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று, அன்றோடு எனக்கு ஜெபம் நின்றுவிட்டது. முழங்காலில் நின்றால் வாய் வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், "கேட்கிறீரா இல்லையா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு வாக்கில் ஒருநாள் கலயம் நிறைந்து அரிசி வழிந்தது. அப்போதுதான் கவனித்தேன்: மூன்று மாதமும் என் கை காலையில் ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஒரு ஆளுக்கு அளக்கிற அரிசியில் பிடி எடுத்தால் சோறு நன்றாகவே குறையும். அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வாய் நின்ற பிறகும் கை நிற்கவில்லை.

இதை அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மை பழக்கிய பழக்கம், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு, எங்கள் பக்கத்துப் பழைய சரித்திரத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

திருநெல்வேலிச் சீமையின் சபைச் சரித்திரத்தைச் சொன்னால் எல்லோரும் பாளையங்கோட்டை கிளாரிந்தாவிலிருந்து தொடங்குவார்கள். விதவையான பிராமணப் பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்ததால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778இல்தான் கொடுத்தார். அதற்குள் அந்த அம்மாள் என்ன பாடுபட்டாளோ. ஆனால் மறுத்த சபையைவிட்டு அவள் போய்விடவில்லை. 1785இல் அங்கே எழும்பிய கோவிலை ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு அதைவிட நெருக்கமானது முதலூர்க் கதை. வெளியூர்க்காரர்களுக்கு முதலூர் என்றால் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப் பாலில் கிண்டுவது. நெய் அல்வாவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் புதிதாகக் கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன, ஊரில் இருக்க விடவில்லை. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று, 1799இல் தேரியில் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். இந்தச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று ஏற்பட்ட முதல் ஊர் என்பதால் முதலூர். அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது பிரசங்கம் அல்ல. யாரும் வந்து எழுப்பிவிட முடியாத ஒரு துண்டு மணல். விசுவாசம் நிலைக்க நிலம் வேண்டும் என்பது அந்த உபதேசியாருக்குப் புரிந்திருக்கிறது. பின்னாளில் மிஷனரி ரேனியஸ் ஐயரும் இதற்கென்றே 1830இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கித் தருவது அதன் வேலை.

1802, 1803இல் ஆயிரக்கணக்கான பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டகாலம். இந்தச் சபைகளைப் பார்த்துவந்த மிஷனரி யேனிக்கே ஐயர் 1800இலேயே இறந்துபோனார். தஞ்சாவூரிலிருந்து வந்து ஊழியம் செய்த சத்தியநாதன் ஐயரும் திரும்பிப் போய்விட்டார். பத்து வருடத்துக்கு மேல் இந்தச் சபைகளை நிலையாகப் பார்த்துக்கொள்ள மிஷனரி யாரும் இல்லை. இதற்கு நடுவில் 1811 வாக்கில் மாவட்டமெங்கும் விஷக் காய்ச்சல். வீடு வீடாகச் சாவு. பயந்துபோய்ப் பலர் தங்கள் பழைய தெய்வங்களிடமே திரும்பினார்கள்.

இந்த இடத்தைப் பிரசங்கிமார் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். இரத்த சாட்சிகளைப் பற்றிப் பேசுவது எளிது. பயந்து போனவர்களைப் பற்றிப் பேசினால் சபைக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். 2021க்கு முன்னால் நானும் அவர்களை 'பின்வாங்கினவர்கள்' என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அந்த வார்த்தை தொண்டையில் நிற்கிறது. இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் புதைத்த தாய் யாரிடம் ஓடினாள் என்று கணக்குப் பார்க்க நான் யார்?

1816இல் ஹஃப் என்ற குருவானவர் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குச் சாப்ளினாக வந்தார். பழைய சபைகளில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு தெற்கே வந்தவருக்கு, சின்னச் சின்ன ஊர்களில் சிதறிக்கிடந்த ஏறத்தாழ 3,000 கிறிஸ்தவர்கள் அகப்பட்டார்கள். முதலூரும் இந்தப் பக்கத்து நாசரேத்தும் ஊராகவே நின்றன. கூரைக் கோவில்கள்தான். ஆனால் கூடி ஜெபிக்கிற வழக்கம் இருந்தது.

யார் காப்பாற்றினார்கள் அதை? பெயர் தெரியாத உபதேசிமார். பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. பரமண்டல ஜெபம், நாங்கள் நம்புவது இன்னதென்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தவர்கள். விடியுமுன் பனையேறப் போய், பகலெல்லாம் பதநீர் காய்ச்சி, சாயங்காலம் களைத்து உட்காரும் ஜனத்துக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது. வாயில் ஏறியதுதான் நிற்கும். மனப்பாடம் என்றால் இப்போது இளக்காரமாகப் பேசுகிறோம். நானும் கற்பித்தல் பயிற்சியில் அப்படித்தான் படித்தேன். ஆனால் மனம் வேலை செய்யாத நாளில் பாடம் பண்ணியதுதான் வேலை செய்கிறது.

விசுவாசப் பிரமாணத்தில் ஒரு விசேஷம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? 'விசுவாசிக்கிறேன்' என்று ஒருமையில்தான் இருக்கிறது. ஆனால் சபையாக எழும்பி நின்று நூறு பேர் சேர்ந்து அதைச் சொல்கிறோம். ஒரு வரியில் எனக்குத் தொண்டை அடைத்துப் போனால் பக்கத்து ஆள் சொல்லிவிடுவார். அடுத்த வரியில் நான் சேர்ந்துகொள்ளலாம். அவருக்கு அடைக்கிற நாளில் நான் சொல்வேன்.

எனக்கும் இதுதான் நடந்தது. கோவில் திறந்த பிறகும் நான் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் ஏழெட்டுப் பேர் வந்து என் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நான் காப்பி போட எழுந்தேன். மூத்தவள் ஒருத்தி, என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள்தான், அவளுக்கே பேரன் இருக்கிறான், கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "டீச்சர், நீங்க பாட வேண்டாம். ஜெபிக்கவும் வேண்டாம். சும்மா இருங்க. நாங்க பாடுறோம்." என் வீட்டுக்காரருக்குக் கல்லறையில் பாடாமல் விட்ட கீர்த்தனையைப் பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை பாடினார்கள். சுருதி சேரவில்லை, ஒருத்திக்கு ஆஸ்துமா, நடுவில் இருமல். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. பாடி முடித்துவிட்டு, கலயத்தில் இருந்த அரிசியை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளியும் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியும்.

நான் திரும்பக் கோவிலுக்குப் போனது டிசம்பரில், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு. பின் வாசல் பக்கம் உட்கார்ந்தேன். மனது மாறிவிட்டது என்றெல்லாம் இல்லை. கேள்விகள் அப்படியேதான் இருந்தன, சிலது இன்னும் இருக்கின்றன. வேதத்திலேயே எண்பத்தெட்டாம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடியும். அதை எடுத்துவிடாமல் வேதத்துக்குள் வைத்த பெரியவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். அப்படி ஒருவன் கதறியது ஜெபம் என்றால், சுவரைப் பார்த்து நான் கேட்டதும் ஜெபத்தோடுதான் சேரும் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் தெருவுக்குக் கைப்பிடி அரிசி வாங்கப் போகிறவள் நான்தான். தெருக்கோடியில் ஒரு வீடு. அந்த அம்மாவின் மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கோவில் பக்கம் வரவில்லை. ஆனால் நான் வாசலில் நின்றால் கலயத்தை எடுத்துக்கொண்டு வருவாள். அரிசியைப் பையில் கொட்டுவாள். கருப்பட்டி விலை, முருங்கைக்காய் விலை, ஆட்டுக்குட்டி எத்தனை போட்டது, இதைத்தான் பேசுவோம். "கோவிலுக்கு வாருங்களேன்" என்று நான் இதுவரை சொன்னதில்லை. போன சனிக்கிழமை கொஞ்சம் தாமதமாகப் போனேன். வெயிலில் கலயத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டீச்சர், மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றாள்.

வணக்கம்.