சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்த பிறகு ஒரு வகுப்பு

நேயர்களுக்கு வணக்கமுங்க.

பருவத் தேர்வு முடிகிற அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் கல்லூரி வாசலில் நின்று பார்த்தால் தெரியும். ஈரோட்டுக்கும் கோபிக்கும் போகிற பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. ஆளுக்கு ஒரு பை, ஒரு பக்கெட், சுருட்டிக் கட்டிய பாய். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும்: "எத்தன நாளு கண்ணு லீவு?" கேட்கிறவர் மனசுக்குள் அதற்கு முன்னாலேயே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நெல்லு அறுப்புக்கு நிற்கிறது. கரும்பு வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது மகன் வந்துவிட்டான்.

இந்த மார்கழி லீவில் குறுகிய கால ஆன்லைன் படிப்பு ஏதாவது படிக்கலாமா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் வகுப்பெடுக்கிறவன். எங்கள் கல்லூரியில் இந்த ஆன்லைன் படிப்புகளுக்குப் பொறுப்பாளனும் நான்தான். படிக்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் பெயர் கொடுத்த பிள்ளைகள் பாதி வழியில் நின்றுபோவதை வருடா வருடம் பார்க்கிறேன். கூப்பிட்டு விசாரித்தால் பாடம் கஷ்டம் என்று சொல்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். "வீட்ல இருந்தா முடியறதில்லீங் சார்" என்பதுதான் அதிகம் கேட்கிற பதில். அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அதற்கு முன்னால் என் அக்கா மகன் கதை. அவன் அமெரிக்காவில் கிழக்குக் கரைப் பக்கம் படிக்கிறான். அங்கே இரண்டு பருவங்களுக்கு நடுவே, டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் விழுகிற இடைவெளியில், பல கல்லூரிகள் 'வின்டர் செஷன்' என்று ஒரு குட்டிப் பருவம் நடத்துகின்றன. 15 வாரம் நடத்த வேண்டிய மூன்று கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளி) கொண்ட பாடத்தை மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் ஆன்லைனிலேயே நடக்கும். சீக்கிரம் பட்டம் வாங்க நினைக்கிறவர்களும், ஒரு பாடத்தில் விழுந்து எழுந்தவர்களும் சேருவார்கள். பாடத்தின் அளவு அதேதான், நாள்தான் சுருங்குகிறது. வாரம் மூன்று மணி நேரம் வீதம் 15 வாரத்துக்கு 45 மணி நேர வகுப்பு. மூன்று வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 15 மணி. வகுப்பு ஒரு மணி என்றால் வீட்டில் இரண்டு மணி படிக்க வேண்டும் என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. ஆக மொத்தம் வாரம் 45 மணி நேரம். திருப்பூரில் ஒரு ஷிப்ட் வேலை, நாளுக்கு எட்டு மணி, ஆறு நாள் பார்த்தால் 48 மணி. அதற்கு மூன்று மணி நேரந்தான் குறைச்சல்.

இவன் அந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டுத் தை நோம்பியான பொங்கலுக்கு ஊருக்கும் வந்துவிட்டான். "சின்ன கோர்ஸ்தானே மாமா, தோட்டத்துல உக்காந்தே முடிச்சிருவேன்" என்றான். அங்கே ராத்திரி 11.59க்குள் அனுப்ப வேண்டிய கட்டுரை, நம் கடிகாரத்தில் மறுநாள் காலை 10.29. குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் எல்லாம் காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு கொடிவேரிக்கு மீன் வறுவல் சாப்பிடக் கிளம்ப, இவன் மட்டும் தண்ணித் தொட்டி ஓரமாகக் கட்டிலைப் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். கடைசித் தேர்வுதான் உச்சம். மடிக்கணினியின் கேமராவைச் சுற்றிக் காட்டி அறையில் வேறு யாரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். காட்டிவிட்டு எழுத ஆரம்பித்தான். பேரன் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையே என்று அவனுடைய அம்மாயி காபி டம்ளரோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "அம்மாயி, போங்க, போங்க!" என்று இவன் வாயைத் திறக்காமல் கையை ஆட்ட, அவருக்கு அது இன்னும் பக்கத்தில் வரச் சொல்கிற மாதிரித் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, பேராசிரியருக்கு விளக்கம் எழுதி அனுப்பியதில் ஏற்றுக்கொண்டார்கள். அம்மாயிக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை. "காபி குடுத்தா மார்க்கு கொறைக்கற படிப்பு என்ன படிப்பு" என்கிறார்.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே பிள்ளைகளுக்கு அதிகம் பழக்கமானது என்பிடெல் என்கிற ஆன்லைன் பாடத் திட்டம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தைத் திறந்த பிறகு, பதிவு செய்வது அதன் வழியாக நடக்கிறது. நான்கு வாரப் படிப்பு, எட்டு வாரப் படிப்பு, பன்னிரண்டு வாரப் படிப்பு என்று இருக்கும். சுமாராக 10, 20, 30 மணி நேர வீடியோ. பாடம் பார்க்கப் பணம் கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம். பல பருவங்களாக 1000 ரூபாய் வாங்குகிறார்கள், கட்டும்போது ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வை நேரில் போய் மையத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். என்பிடெல் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும்தான் தொடங்கும். ஜனவரிப் பருவத்துக்கு நவம்பரிலேயே பதிவு திறந்துவிடுவார்கள், வகுப்பு ஆரம்பிப்பது ஜனவரி பிற்பாதியில். அதாவது நம் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிற டிசம்பரில் எதுவும் நடக்காது. பொங்கல் முடிந்து கல்லூரி திறந்து, ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் என்று எல்லாம் தலையில் ஏறுகிற நேரத்தில் இதுவும் வந்து சேரும். அதனால் நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். பல படிப்புகள் திரும்பத் திரும்ப நடத்தப்படுபவை. போன முறை நடந்த வீடியோக்கள் தளத்தில் அப்படியே திறந்து கிடக்கும். ஜனவரிக்குப் பதிந்துவிட்டு, லீவிலேயே முதல் நான்கு வாரப் பாடத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்துவிடுங்கள். படிப்பு தொடங்கும்போது உங்களிடம் ஒரு மாதம் கையிருப்பில் இருக்கும். அது மட்டுமில்லை, முதல் வாரத்தைப் பார்த்ததும் இந்த வாத்தியார் பேசுவது நமக்குப் புரிகிறதா, பாடம் நம் அளவுக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஒரு பைசா செலவில்லாமல் வேறு படிப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு படிப்பு எடுங்கள். மூன்று எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் வாரம் மூன்றுக்கும் அசைன்மென்ட் போடுவார்கள். மூன்றாம் வாரம் ஒன்றுக்கும் போட மாட்டார்கள்.

அசைன்மென்ட் என்றதும் என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியார்களும் இந்தப் படிப்புகளில் சேருவோம். நான் ஒரு எட்டு வாரப் படிப்பு எடுத்திருந்தேன். வாரா வாரம் புதன்கிழமை ராத்திரி 11.59க்குள் விடைகளைப் பதிய வேண்டும். எட்டில் நல்ல மதிப்பெண் வந்த ஆறை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சலுகையை நம்பி நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். ஏழாவது வாரம். தோட்டத்து வீடு, மணி பதினொன்று நாற்பது, கடைசி மூன்று கேள்வி பாக்கி. கரண்டு போனது. கொஞ்ச நேரத்தில் செல்லில் இருந்த சிக்னலும் சேர்ந்து போனது. வண்டியை எடுத்து வாய்க்கால் மேட்டுக்குப் போனேன். அங்கே நின்றால் இரண்டு கோடு வரும். செல் வெளிச்சத்தில் பூச்சி மொய்க்கிறது, பக்கம் திறந்தபோது மணி 12.04. மூன்றாவது பூச்சியம். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அந்த 25-ல் எனக்கு நாலு மார்க் போனது. கடைசியில் வந்தது 58. 60 எடுத்திருந்தால் சான்றிதழில் 'எலைட்' என்று போட்டிருப்பார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "சாருக்கு எத்தனைங் சார்?" என்று கேட்டான். அன்றைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்காமல் வகுப்பை ஆரம்பித்துவிட்டேன்.

சரி, "வீட்ல இருந்தா முடியறதில்லீங் சார்" என்பதற்கு வருகிறேன்.

கல்லூரியில் ஒரு பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் படிக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் செல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு அது செல்லை நோண்டுவதுதான். உள்ளே ஐ.ஐ.டி. பேராசிரியர் பேசினாலும் அப்படித்தான். கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து பி.காம். படிக்க வந்த ஒரு பையனுடைய அப்பா போன லீவில் எனக்குப் போன் செய்தார். "ஏனுங் சார், லீவு உட்டும் செல்லுல என்னமோ கிளாசுங்கறான். நெசமாலுமே கிளாசுங்ளா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. கிளாஸ் என்றால் ஒரு நேரம் இருக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும். இவன் இஷ்டத்துக்கு மத்தியானம் பார்க்கிறான், ராத்திரி பார்க்கிறான், தட்டு அறுக்கக் கூப்பிட்டால் 'கிளாசு' என்கிறான்.

பையனைக் கூப்பிட்டு, நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டு என்றேன். அவன் ஒட்டவில்லை. அதைவிட நல்ல வேலை செய்தான். அவர்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு, மாட்டுக்கு ஊசி போட்ட தேதி, கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதி எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும். அதிலேயே பச்சை மையில் '7 - 8.30' என்று எழுதிவிட்டான். ஐந்து மணிக்குப் பால் கறந்து, ஆறேகாலுக்குச் சொசைட்டிக்கு ஊத்திவிட்டு, ஏழு மணிக்குத் திண்ணைக்கு வந்துவிடுவான். வாய்க்கால் முறைத்தண்ணி வருகிற நாட்களில் மட்டும் பச்சை இல்லை, அன்றைக்கு லீவு. அப்பாவும் பால் கணக்கு எழுதும்போதெல்லாம் அந்தப் பச்சையைப் பார்த்தார். எட்டரைக்கு முன்னால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஹெட்போன் வேண்டாம், சத்தமாகவே வை என்று நான் சொன்னதும் ஒரு காரணத்தோடுதான். அவன் எடுத்தது அடக்கவிலைக் கணக்கியல் (காஸ்ட் அக்கவுண்டிங்). ஒரு நாள் தேய்மானம் பற்றிப் பாடம் ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்திவிட்டு, "மாட்டுக்கும் தேய்மானம் போடுவீங்ளாடா? ஏழாவது ஈத்துக்கு மேல வெல பாதியாப் போகுதல்ல?" என்று கேட்டாராம். பையன் அதை வகுப்பில் வந்து கேட்டான். எங்கள் துறையில் அதற்கு ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. கால்நடை வருடா வருடம் ஈனுகிறதே, பால் தருகிறதே, இயந்திரம் மாதிரி அதற்குத் தேய்மானம் போட்டால் சரியாகுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை. திருப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி லீவில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவாள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவாள். அடுத்த பருவத்து ஃபீஸ் அதில்தான் வர வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டால் தூக்கம் வருகிறது என்றாள். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே இருக்கிறது, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போலத்தான், இலவசம், கணினியில் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) போடக் கற்றுக்கொள் என்று நான்தான் சொன்னேன். ஒன்றை யோசிக்கவில்லை. அது திரையில் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் திறந்துவைத்துக் கூடவே செய்து பார்க்க வேண்டிய முறை. அவளிடம் இருந்தது விரிசல் விட்ட ஒரு செல்போன். பஸ்ஸில் பார்த்து என்ன செய்வாள்? லீவு முடிந்து கல்லூரி லேபில் பதினைந்து நாளில் முடித்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண்ணுக்கு லீவில் படிப்பைச் சொன்னது என் தப்பு. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது தூங்கச் சொல்லித்தான்.

மீதி விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பை உங்கள் பட்டத்துக்கான கிரெடிட்டாக மாற்ற முடியுமா என்று முதலிலேயே துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஒரு பருவத்தில் 40 விழுக்காடு பாடங்கள் வரை ஸ்வயம் மூலம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-ல் விதி போட்டுவிட்டது. ஆனால் எந்தப் படிப்பை ஏற்பது என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். படித்து முடித்த பிறகு கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சிப் படிப்புகள் கல்லூரி நாளிலேயே நடப்பவை, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் '499 ரூபாய், இரண்டே நாளில் சான்றிதழ்' என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு குயர் நோட்டு வாங்கி வையுங்கள். வீடியோ பார்க்கிறவன் கையில் நோட்டு இல்லை என்றால் அவன் படம் பார்க்கிறான் என்றுதான் அர்த்தம்.

பெற்றோர்களுக்கு ஒன்றுங்க. லீவில் பிள்ளை வேலை செய்யட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் தட்டு அறுத்துத்தான் படித்தேன். ஒன்றரை மணி நேரம் எது என்று மட்டும் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. அதற்கு முதல் நாளோடு பச்சை மையை நிறுத்திவிடலாம். காப்புக்கட்டு அன்றைக்கு வேப்பந்தழையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கொண்டுவர ஆள் வேண்டும். பதிவு ஜனவரிக் கடைசி வாக்கில்தான் மூடுவார்கள், நோம்பி முடிந்து வந்தும் சேரலாம்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றிங்க. வணக்கம்.