குதிகால் நரம்பு அறுந்தவங்களுக்கு: அந்தப் பூட் எதைக் காப்பாத்துது?

[திரை: இருட்டு அறை. கட்டிலுக்குக் கீழே கழட்டி வெச்ச பூட்.]

ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம் போகணும். குதிகால் நரம்பு அறுந்ததுக்காக டாக்டர் மாட்டச் சொன்ன, கெண்டைக்கால் வரைக்கும் பட்டை போட்டு இறுக்குற பூட் கட்டிலுக்குப் பக்கத்துல கிடக்கு. எடுத்து மாட்டி, ஒவ்வொரு பட்டையா இழுத்து ஒட்டணும்னா ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். பாத்ரூம் எட்டு அடி தூரம்தான். "இதுக்குப் போய் பூட்டா"ன்னு வெறுங்காலைத் தரையில வைக்கிறோம்.

இந்த எட்டு அடியிலதான் ஆறு வாரப் பொறுமை வீணாப் போகுது. பிசியோதெரபிஸ்டா நான் பார்க்கிறவங்கள்ல, சேர்ந்துட்டு வந்தது திரும்ப அறுந்துபோய் வர்றவங்ககிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்பேன். மாடிப்படி, ஈரத் தரை, வழுக்கல்னு கதை மாறும். "அப்பதான் பூட்டைக் கழட்டியிருந்தேன்"ங்கிறது மட்டும் மாறாது. அதனால இந்தப் பூட் உள்ளுக்குள்ள என்ன வேலை செய்யுதுன்னு இன்னைக்கு விளக்கப் போறேன். அது புரிஞ்சிட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கும் கை தானா பட்டையைத் தேடும்.

[படம்: காலின் பின்பக்கம், கெண்டைக்கால் முதல் குதிகால் வரை.]

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். "குதிகால் நரம்பு அறுந்துபோச்சு"ன்னுதான் எல்லாரும் சொல்றோம். நரம்புங்கிறது உணர்ச்சியைக் கடத்துறது. இங்க அறுந்தது தசைநாண், அதாவது தசையை எலும்போட கட்டி வைக்கிற கயிறு. கெண்டைக்கால்ல இருக்கிற ரெண்டு பெரிய சதையும் கீழே வர வர ஒண்ணாச் சேர்ந்து, சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு கயிறா மாறி, குதிகால் எலும்புல போய் ஒட்டுது. அதுதான் அக்கிலிஸ் தசைநாண். உடம்புலயே தடிமனான, பலமான தசைநாண் இது. ஓடும்போது உங்க எடையைப் போல ஆறு மடங்குக்கு மேல தாங்குது. ஆனா எலும்புல ஒட்டுற இடத்துக்கு 2 முதல் 6 செ.மீ. மேல இருக்கிற பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுபடுறதும் அங்கதான்.

2013 ஏப்ரல் 12, லாஸ் ஏஞ்சலஸ். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் பந்தோட திரும்பி வேகமெடுக்கிறார், அப்படியே கீழே விழறார். எதிரணி ஆட்டக்காரரைப் பார்த்து, "என்னை உதைச்சியா?"ன்னு கேட்கிறார். யாரும் உதைக்கலை. அக்கிலிஸ் அறுபடும்போது அப்படித்தான் இருக்கும், பின்னாடி இருந்து யாரோ ஓங்கி உதைச்ச மாதிரி. அதுக்கப்புறம் அவர் எழுந்து நின்னு, ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டு, ரெண்டையும் கூடையில விழ வெச்சிட்டு, நடந்தே வெளியே போனார்.

அறுந்த காலோட எப்படி நடந்தார்? பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்த உதவுற வேற சில சின்னத் தசைகள் கணுக்காலைச் சுத்தி இருக்கு. அதுங்க சேர்ந்து எப்படியோ சமாளிச்சிடும். "நடக்க முடியுதே, சுளுக்கா இருக்கும்"னு எண்ணெய் தேய்ச்சு நீவிவிட்டு, மூணு நாலு வாரம் கழிச்சு வர்றவங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாயிடும். கண்டுபிடிக்கிறது அவ்வளவு சுலபம். குப்புறப் படுக்க வெச்சு, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்போது, டாக்டர் கெண்டைக்கால் சதையைப் பிடிச்சு அழுத்துவார். கயிறு முழுசா இருந்தா பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்திருந்தா அசையாது.

[படம்: பிரிந்த தேங்காய்நார்க் கயிற்றின் இரண்டு நுனிகள்.]

சரி, பூட்டுக்கு வருவோம். அறுந்த நுனிகள் கத்தியால வெட்டின மாதிரி இருக்காது. பிரிஞ்சுபோன தேங்காய்நார்க் கயிறு மாதிரி சிலும்பிக்கிட்டு இருக்கும். பாதத்தை மேல மடக்கினா ரெண்டு நுனியும் விலகிப் போகும். உயரத்துல இருக்கிற டப்பாவை எட்டி எடுக்க நுனிக்கால்ல நிப்போமே, அந்த நிலையில பாதம் இருந்தா நுனிகள் கிட்ட வந்து தொட்டுக்கும். பூட்டுக்குள்ள குதிகாலுக்கு அடியில வெட்ஜுன்னு சரிவான துண்டுகளை அடுக்குறது இதுக்குத்தான்.

அந்த நுனிகளுக்கு நடுவுல உடம்பு புது நார்களை நெய்ய ஆரம்பிக்குது. முதல் ஆறு வாரத்துல நெய்யுறது அவசரத்துக்குப் போட்ட தையல் மாதிரி, மென்மையா இழுபடக் கூடியது. உறுதியான நார்கள் அந்த இடத்தைப் பிடிச்சு முடிக்க ஒரு வருஷத்துக்கும் மேல ஆகும். இழுபடுற அந்தக் காலத்துல பாதம் அடிக்கடி மேல மடங்கினா, அறுந்து போகலைன்னாலும் கயிறு கொஞ்சம் கொஞ்சமா நீண்டுடும்.

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தச் சிகிச்சையில மறக்கக் கூடாத ஒரே விஷயம் இந்த நீளம்தான். கிணத்துல தண்ணி சேந்தினவங்களுக்குத் தெரியும். கயிறு தொய்வா கிடந்தா முதல் ரெண்டு இழுப்பு தொய்வை எடுக்கவே போயிடும், வாளி அசையாது. நீண்டு ஆறின தசைநாணும் அப்படித்தான். சதை சுருங்கும், ஆனா குதிகால் எழும்பாது. மாடி ஏறும்போது உந்து விசை இருக்காது. பலத்தைப் பயிற்சியால மீட்டுடலாம். நீண்டுபோன கயிறைப் பயிற்சியால திரும்பச் சின்னதாக்க முடியாது.

அப்ப ஆபரேஷன் பண்ணித் தைச்சிட்டா நல்லதில்லையா? எல்லாரும் கேட்கிற கேள்வி. நார்வேயில 526 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2022-ல வெளியாச்சு. ஆபரேஷன் செஞ்சவங்க, செய்யாதவங்க, ரெண்டு பேருமே ஒரு வருஷம் கழிச்சு நடக்கிறது, ஓடுறதுன்னு அன்றாட வேலைகள்ல ஏறக்குறைய ஒரே நிலையில இருந்தாங்க. திரும்ப அறுபடுறது ஆபரேஷன் இல்லாதவங்களுக்கு 6.2 சதவீதம், செஞ்சவங்களுக்கு 0.6 சதவீதம். ஆனா ஆபரேஷன்ல உண்மையான நரம்பு அடிபடுற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு உங்க வயசு, வேலை, சர்க்கரை, நுனிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எல்லாத்தையும் பார்த்து டாக்டரோட பேசி முடிவு பண்ணுங்க. எந்த வழியில போனாலும் பூட் உண்டு.

"மாவுக்கட்டு போட்டா இன்னும் பாதுகாப்பு"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. அதையும் பார்த்திருக்காங்க. பிரிட்டன்ல ஆபரேஷன் இல்லாம 540 பேரை ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு மாவுக்கட்டு, பாதிப் பேருக்கு வெட்ஜ் வெச்ச பூட். 2020-ல வந்த முடிவுப்படி, 9 மாசம் கழிச்சு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் அனுமதிச்சா பூட் போட்டுக் காலை ஊன்றி நடக்கலாம்ங்கிறதுக்கு இது பெரிய தைரியம். அளவான பாரம் புது நார்களுக்கு நல்லதுதான், இழுக்கிற திசையிலயே அதுங்க வரிசையா அமைய உதவுது.

[திரை: பூட்டை மாட்டும் காட்சி, பக்கவாட்டிலிருந்து.]

மாட்டும்போது குதிகால் பின்னாடி முழுசா ஒட்டி உட்காரணும். கணுக்கால் பட்டையை முதல்ல இறுக்குங்க, அப்புறம் மத்தது. உள்ள குதிகால் மேல கீழ ஏறி இறங்குதுன்னா பூட் சரியா இறுகலை. நீளமான பருத்தி சாக்ஸ் போடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு உள்துணி நனைஞ்சு நாறும், துவைச்சு மாத்திப் போட இன்னொண்ணு கிடைச்சா வாங்கி வெச்சுக்கங்க. சர்க்கரை உள்ளவங்க தினமும் தோலைப் பார்க்கணும். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா கொப்புளம் வந்தாலும் தெரியாது.

வெட்ஜால அந்தக் கால் உயர்ந்துடும், இடுப்பு ஒரு பக்கமா சாயும், ஒரே வாரத்துல முதுகு வலிக்கும். இன்னொரு காலுக்குத் தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்க, வீட்டுக்குள்ளயும். "வீட்டுக்குள்ள செருப்பா"ன்னு யாராவது முகம் சுளிச்சா, வெளியே மிதிக்காத ஒரு ஜோடியைத் தனியா வெச்சிருக்கோம்னு சொல்லுங்க.

குந்தி உட்கார்ற கழிப்பறை இந்த மாசங்கள்ல வேண்டவே வேண்டாம். குந்தும்போது முழங்கால் முன்னாடி போகும், பாதம் மேல மடங்கும், நாம காப்பாத்துற நீளம் அங்கயே போயிடும். வெஸ்டர்ன் இல்லாத வீட்டுல, நடுவுல ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மருந்துக் கடைகள்ல கிடைக்கும். குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி. பூட்டைக் கழட்டச் சொல்லி டாக்டர் அனுமதிச்சிருந்தா, உட்கார்ந்த பிறகு கழட்டுங்க. பாதம் கீழ்நோக்கித் தொங்கட்டும். துடைச்சு, பூட்டை மாட்டிட்டு அப்புறம் எழுந்திருங்க.

இப்ப சொல்றதைக் கவனமாக் கேளுங்க. கெண்டைக்கால் சதை அசையாம இருந்தா ரத்தம் தேங்கும், உறையும். அக்கிலிஸ் அறுந்தவங்களுக்கு இந்த ஆபத்து உண்மையானது. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி, சூடா, இறுக்கமா வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தா ஒரு நிமிஷமும் காத்திருக்காம 108. அந்த வீக்கத்தை யாரும் எண்ணெய் போட்டு நீவ விடாதீங்க. உறைஞ்ச ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைச்சுடலாம்.

இன்னொண்ணு. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாணைப் பலவீனமாக்கலாம். 2008-லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்குக் கடுமையான எச்சரிக்கை போட்டுது. வேற எதுக்காவது மருந்து எழுதும்போது அக்கிலிஸ் அறுந்த விஷயத்தைச் சொல்லிடுங்க.

வெட்ஜை ஒவ்வொண்ணா எடுத்து, பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்துல பூட்டை விட்டு வெளியே வருவாங்க. கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், உங்களுக்குக் கொடுத்த அட்டவணைதான் உங்களுக்கு. வலி இல்லைன்னு ஒரு வாரம் முன்னாடியே எடுக்காதீங்க. நீளுறது வலிக்காமலே நடக்கும். பூட்டைக் கழட்டின முதல் சில வாரம்தான் திரும்ப அறுபட அதிக வாய்ப்பு உள்ள காலம். கியர் பைக்கை அப்ப தொடாதீங்க. கியரும் பிரேக்கும் பாதத்துலதான் இருக்கு, சிக்னல்ல சட்டுனு கால் ஊன்றவும் வேணும்.

"இறுக்கமா இருக்கு, கொஞ்சம் இழுத்துவிடவா?"ன்னு கேட்பாங்க. படி ஓரத்துல நின்னு குதிகாலைக் கீழே இறக்குற அந்த ஸ்ட்ரெச்சை உங்க பிசியோ சொல்லாம செய்யாதீங்க. அந்த இறுக்கம் நமக்கு வேணும், நடக்க நடக்க அளவா இளகும். முதல்ல ரெண்டு காலாலயும் குதிகாலைத் தூக்கப் பழகி, அப்புறம் அறுந்த காலால மட்டும். ஷட்டில், ஃபுட்பால் மாதிரி குதிச்சுத் திரும்புற ஆட்டத்துக்குப் பொதுவா 9 மாசத்துல இருந்து ஒரு வருஷம்.

[திரை: குப்புறப் படுத்திருப்பவர். இரண்டு முழங்காலும் மடங்கி, பாதங்கள் மேலே.]

பூட் முடிஞ்சு உங்க பிசியோகிட்ட முதல் தடவை போகும்போது, இதைப் பார்க்கச் சொல்லுங்க. குப்புறப் படுத்து, ரெண்டு முழங்காலையும் செங்குத்தா மடக்கி, பாதங்களைத் தளர விட்டுடுங்க. நல்ல பாதம், நுனிக்கால்ல நிக்கிற மாதிரி, விரல் நுனி லேசாக் கூரைப் பக்கமாச் சாய்ஞ்சு நிக்கும். அறுந்த பக்கத்துப் பாதமும் அதே சாய்வுல நின்னா, உங்க கயிறு பழைய நீளத்துலயே ஆறியிருக்கு.