ஏஐக்கு உங்கள் ப்ராஜெக்டைச் சொல்லிக் கொடுங்கள்

[திரையில்: வி.எஸ். கோட். பைதான் ஃபைலில் சாம்பல் நிறத்தில் ஒரு பரிந்துரை.]

டேட்டா சரியான வடிவில் இருக்கிறதா என்று சோதிக்கும் பைதான் லைப்ரரி, பைடான்டிக். அதில் எழுதிய மாடல், அதாவது டேட்டாவின் அமைப்பைச் சொல்லும் கிளாஸ் இது. இதை டிக்ஷனரியாக மாற்றக் கேட்டால், ஏஐ பல நேரம் 'டிக்ட்' மெத்தடைத்தான் நீட்டும். 2023 ஜூனில் பைடான்டிக் 2 வந்ததிலிருந்து அதற்குப் பதில் 'மாடல் டம்ப்'. பழையது ஓடும், எச்சரிக்கையும் வரும். செட்டிங்குகளைப் படிக்கும் 'பேஸ் செட்டிங்ஸ்' கிளாஸின் கதை வேறு. அது தனி பேக்கேஜுக்குப் போய்விட்டதால், பழைய இடத்திலிருந்து இம்போர்ட் செய்தால் எரர்தான்.

ஏஐ படித்துப் பழகிய கோடில் பழைய வெர்ஷனும் ஏராளம். உங்களிடம் இருப்பது எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

[திரையில்: திறந்திருக்கும் டேப்கள்.]

நீங்கள் டைப் செய்யும்போது, கோட் எழுத உதவும் கிட்ஹப்பின் ஏஐயான கோபைலட் கர்சருக்கு மேலேயும் கீழேயும் உள்ள வரிகளைப் பார்க்கும். திறந்திருக்கும் மற்ற டேப்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அதனால் தொடர்புள்ள ஃபைலைத் திறந்து வையுங்கள், சம்பந்தமில்லாததை மூடுங்கள். அவ்வளவுதான்.

சாட்டில் கேட்கும்போது "இந்த எரரைச் சரி செய்" என்று நிறுத்தாதீர்கள். முழு எரர் செய்தி, வெர்ஷன், என்ன வர வேண்டும், என்ன வந்தது: நான்கையும் கொடுங்கள். ஏற்கெனவே நன்றாக எழுதிய ஃபங்ஷன் ஒன்றைக் காட்டி "இதே பாணியில்" என்று சொன்னால், நீளமான விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

[திரையில்: புதிய ஃபைல் உருவாகிறது.]

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி ஏஐ படிப்பதற்கான குறிப்பு ஃபைல். ஆந்த்ரோபிக்கின் கோடிங் ஏஐயான கிளாட் கோடுக்கு 'கிளாட் டாட் எம்.டி.'. கோபைலட்டுக்கு, டாட் கிட்ஹப் ஃபோல்டரில் 'கோபைலட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் டாட் எம்.டி.'.

இதில் என்ன எழுதுவது? கோடைப் படித்தாலே தெரிவது வேண்டாம். படித்தாலும் தெரியாததை எழுதுங்கள். டெஸ்டை ஓட்டும் கமாண்ட். தொடக்கூடாத ஃபோல்டர். அப்புறம், காரணம். "ஆர்டர்களை டெலிட் செய்யாதே" என்பதோடு நிற்காமல், "தணிக்கைக்குப் பழைய ஆர்டர்கள் வேண்டும், அதனால் ரத்தானது என்று மட்டும் குறி" என்று எழுதுங்கள். காரணம் தெரிந்தால், நீங்கள் எழுதாத இடத்திலும் ஏஐ அதையொட்டி முடிவெடுக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். நீண்ட குவியலில் முக்கியமான வரி கவனிக்கப்படாமல் போகும். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எதுவும் இதில் கூடாது.

[திரையில்: ஒரே கமிட்டில் இரண்டு ஃபைல் மாற்றங்கள்.]

லைப்ரரி வெர்ஷனை மாற்றும் கமிட்டிலேயே இந்தக் குறிப்பையும் திருத்துங்கள். காலாவதியான குறிப்பையும் ஏஐ அப்படியே நம்பும்.