பேசும் மண்டை ஓடு: சாஃப்ட்வேரைத் தேடறதுக்கு முன்னாடி தாடையைப் பாருங்க

வணக்கம். மேசை மேல ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடு, நாலு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கற சின்ன மோட்டார்), மூணு போர்டு இருக்கு. ஹாலோவீனுக்கு மண்டை ஓட்டைப் பேச வைக்கணும்னா எல்லாரும் முதல்ல கேக்கறது, எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு. அது கடைசியில வர வேண்டிய கேள்வி. முதல்ல இதைச் சொல்லுங்க: எத்தனை அசைவு வேணும்? தாடை மட்டுமா, கழுத்தும் சேர்த்தா? அடுத்தது, முன்னாடியே பதிவு பண்ணின வசனமா, இல்ல நீங்க மறைவா உக்காந்து மைக்ல பேசப் போறீங்களா? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா பாதிப் பொருளை வாங்கவே வேண்டாம்.

தாடை மட்டும்னா அனிமேஷன் சாஃப்ட்வேரே தேவையில்லை. சத்தத்தோட அளவைப் பார்த்து தாடையைத் திறந்து மூடற ஒரு சின்ன போர்டு போதும். ரெடிமேடாவும் கிடைக்குது, புரோகிராம் போடற ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒண்ணை வச்சு நாமளே செய்யவும் செய்யலாம். இதோ இந்த சர்க்யூட்டைப் பாருங்க. ஆடியோ ஒயர்ல இருந்து ஒரு 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், பிளஸ் கால் ஆர்டுயினோ பக்கம், அங்கிருந்து வோல்டேஜை அளக்கற ஏ0 பின்னுக்கு. அதே ஏ0ல இருந்து 5 வோல்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். இப்போ ஏ0 நடுவுல 2.5 வோல்ட்ல நிக்கும், சத்தம் அதைச் சுத்தி மேலயும் கீழயும் ஆடும். ஆடியோவோட கிரவுண்டையும் ஆர்டுயினோ கிரவுண்டோட சேர்க்க மறக்காதீங்க.

ஆர்டுயினோ புரோகிராம்ல 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அந்த இடைவெளியில வந்த அதிகபட்ச ரீடிங்ல இருந்து குறைஞ்சபட்சத்தைக் கழிங்க. அதுதான் சத்தத்தோட அளவு. 30க்குக் கீழ வந்தா அது வெறும் இரைச்சல், தாடை மூடியே இருக்கட்டும். 30ல இருந்து 300 வரைக்கும் வர்ற அளவை அதுக்கு ஏத்த தாடைக் கோணமா மாத்துங்க. இந்த 300ஐ உங்க பிளேயரோட வால்யூமுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும். ஏன் 20 மில்லி செகண்ட்னா, சர்வோவுக்குப் போற பல்ஸே செகண்டுக்கு 50தான். அதைவிட வேகமா கணக்குப் போட்டு ஒரு லாபமும் இல்லை.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. போர்டுக்கு சத்தம் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. "அப்பா"ன்னு சொல்லிப் பாருங்க. ப்-ல சத்தம் ஒரு கணம் நின்னுடுது, தாடை தானா மூடும், அருமையா இருக்கும். இப்போ "அம்மா"ன்னு சொல்லுங்க. ம்-ல உதடு மூடியிருக்கு, ஆனா சத்தம் ஓடிட்டே இருக்கு. போர்டு வாயைப் பிளந்து வச்சிட்டே நிக்கும். அதே மாதிரி ஸ், ஷ் வந்தா நமக்குப் பல்லு கடிச்ச நிலை, மண்டை ஓடு மட்டும் கொட்டாவி விடும். பின்னணியில இசை போட்டீங்கன்னா இன்னும் மோசம், வசனம் முடிஞ்ச பிறகும் தாளத்துக்கு வாயை அடிச்சிட்டே இருக்கும்.

இதுக்கு வழி ஸ்டீரியோ. காதுக்கு ஒரு சேனல், தாடைக்கு ஒரு சேனல். ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டரைத் திறங்க, இலவசம்தான். இடது பக்கம் வசனம், இசை, இடிச் சத்தம் எல்லாம் கலந்த டிராக். வலது பக்கம் வசனத்தோட நகல் மட்டும். அந்த நகல்ல ஒரு லோ பாஸ் ஃபில்டர் (கீச்சுச் சத்தத்தை வெட்டறது), 1000 ஹெர்ட்ஸ் கிட்ட வச்சா ஸ், ஷ் அடங்கிடும். அப்புறம் ம் வர்ற இடத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து சைலன்ஸ் பண்ணுங்க. வலது சேனலை யாரும் கேக்கப் போறதில்லை, எவ்வளவு வேணும்னாலும் சிதைக்கலாம். ஒரு நிமிஷ வசனத்துக்குக் கொஞ்சம் பொறுமையா உக்காந்தா போதும். அனிமேஷன் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு அசைக்கும் (சிலபிளுக்கும்) வாயோட நிலையைக் கையால குறிக்கறதைவிட இது எவ்வளவோ சுலபம். சேவ் பண்றப்போ வேவ் ஃபைலா வைங்க. குறைஞ்ச பிட்ரேட் எம்பி3ல ஒரு சேனல் இன்னொண்ணுல கசியலாம்.

இந்தக் கோப்பை டிஎஃப்பிளேயர் மினில (மெமரி கார்டுல இருந்து ஆடியோ ஓட்டற சின்ன போர்டு) ஓட்டறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். ஸ்பீக்கருக்குன்னு இருக்கற ரெண்டு பின்னும் மோனோ. ரெண்டு சேனலும் அங்க கலந்துடும், தாடைக்கு வச்ச சிதைஞ்ச குரலும் வெளிய கேக்கும். இடது சேனல் வர்ற டிஏசி-எல் பின்னை பிஏஎம்8403 மாதிரி தனி ஆம்ப்ளிஃபையருக்கும், வலது சேனல் வர்ற டிஏசி-ஆர் பின்னைத் தாடை சர்க்யூட்டுக்கும் கொடுங்க. ஆர்டுயினோவோட கட்டளை வர்ற ஆர்எக்ஸ் பின்ல 1 கிலோ ஓம் போட்டா அந்த சிக்னலோட இரைச்சல் ஸ்பீக்கர்ல வராது. மெமரி கார்டு 32 ஜிபிக்குள்ள, எஃப்ஏடி32 ஃபார்மட்.

இப்போ நேரம். சத்தம் அளக்க 20 மில்லி செகண்ட், சர்வோ நகர ஒரு 40, 50. ஆக, தாடை எப்பவும் குரலுக்குப் பின்னாலதான் வரும். நம்ம கண்ணு இதை மன்னிக்காது. ஒளிபரப்புத் துறைக்கு ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) கொடுத்த பரிந்துரைப்படி சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்க்கறவங்களுக்குத் தெரிய ஆரம்பிக்குது, பிந்தினா 125 வரைக்கும் தெரியறதில்லை. அதனால ஆடாசிட்டியில வலது டிராக்கை 60 மில்லி செகண்ட் முன்னாடி நகர்த்துங்க. நேரடியா மைக்ல பேசறதா இருந்தா முன்னாடி நகர்த்த வழியில்லை, ஸ்பீக்கருக்குப் போற குரலுக்கு அதே அளவு டிலே போடுங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அது எவ்வளவு தாமதிக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு.

தாடைக்கு வருவோம். கடையில வர்ற மண்டை ஓட்டுல ரெண்டு பக்கமும் தாடையை இழுத்துப் பிடிக்கற ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழட்டுங்க, சர்வோவோட பலமெல்லாம் அதுலயே போயிடும். குறுக்கே 3 மில்லிமீட்டர் கம்பி ஒண்ணைக் கீலா விடுங்க. விரலால தட்டினா தாடை தானா ஆடணும், உரசக்கூடாது. வாய் 20 டிகிரி திறந்தா போதும், அதுக்கு மேல போனா சிரிப்பு வந்துடும். பேச்சுல செகண்டுக்கு நாலஞ்சு அசை வரும். அப்படின்னா 200 மில்லி செகண்டுக்குள்ள திறந்து மூடணும். 60 டிகிரிக்கு 0.1 செகண்ட் எடுக்கற சின்ன சர்வோவுக்கு இது முடியும். எஸ்ஜி90ங்கற சர்வோவுல பிளாஸ்டிக் பல்சக்கரம், யாராவது தாடையைப் பிடிச்சு இழுத்தா அன்னிக்கே பல்லு போச்சு. அதே அளவுல மெட்டல் கியர் உள்ள எம்ஜி90எஸ் போடுங்க. மூடின நிலையில பல்லோட பல்லு முட்டறதுக்கு ஒரு டிகிரி முன்னாடியே நிறுத்துங்க. முட்டினா சர்வோ தள்ளிட்டே இருந்து சூடாகும்.

கழுத்து சேர்ந்தா கதையே வேற. திரும்பறது, தலையாட்டறது, சாயறதுன்னு மூணு அசைவு, தாடையோட நாலு. இங்கதான் டைம்லைன் சாஃப்ட்வேர் (எந்த நேரத்துல எந்த அசைவுன்னு வரிசையா வைக்கறது) தேவைப்படுது. நான் முதல்ல கை காட்டறது பாட்டாங்கோ. தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். அசைவை வளைகோடா வரையலாம், ஆர்டுயினோ அல்லது மெமரி அதிகமான ஈஎஸ்பி32 போர்டை இணைச்சு அப்பவே மண்டை ஓட்டுல பார்க்கலாம். கழுத்துக்கு இந்த வளைகோடு ரொம்ப முக்கியம். மெதுவா கிளம்பி மெதுவா நின்னாதான் உயிர் இருக்கற மாதிரி தெரியும். நேர்கோடா நகர்ந்தா பாதுகாப்பு கேமரா திரும்பற மாதிரி இருக்கும். முடிச்சதை போர்டுலயே ஏத்தி கம்ப்யூட்டர் இல்லாமலும் ஓட்டலாம். ஊனோ ஆர்3ல இருக்கறது 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம். நீளமான வசனம்னா ஈஎஸ்பி32க்குப் போயிடுங்க.

வீட்டு விளக்குகளும் சேர்ந்து ஆடணும்னா எக்ஸ்லைட்ஸ்ங்கற விளக்கு ஷோ சாஃப்ட்வேர். அதுல மண்டை ஓட்டுக்குன்னே ஒரு டிஎம்எக்ஸ் (மேடை விளக்குகளுக்கான கட்டளை முறை) மாடல் இருக்கு, திரையிலயே தாடையும் கண்ணும் அசையறதைப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்ல ஃபால்கன் பிளேயர் சாஃப்ட்வேர் போட்டு அங்கிருந்து ஓட்டலாம். சீக்வென்ஸை 25 மில்லி செகண்ட் ஃபிரேம்ல வைங்க. 50ல வச்சா தாடை தட்டுத்தடுமாறும். விஎஸ்ஏன்னு (விஷுவல் ஷோ ஆட்டோமேஷன்) ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ் மட்டும், காசு கொடுத்து வாங்கணும். ஏற்கனவே பழகினவங்க மாறத் தேவையில்லை, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சர்வோவை ஓட்டற போர்டுகள்ல பிசிஏ9685 ஒண்ணு, 16 சர்வோ ஓட்டும். அதுல பல்ஸோட நீளத்தை மாத்தற ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மைக்ரோ செகண்ட். தாடைக்கு அது தாராளம், ஆனா மெதுவா திரும்பற கழுத்துல படிப்படியா நடுங்கறது தெரியும். போலோலு மேஸ்ட்ரோ போர்டுல கால் மைக்ரோ செகண்ட் படி, அதோட வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் தனித்தனி வரம்பு வைக்கலாம். கழுத்துக்கு முடுக்கத்தைக் குறைங்க, தாடைக்கு வரம்பே வைக்காதீங்க. இன்னொண்ணு, ஊனோவுல சாஃப்ட்வேர்சீரியலும் (இன்னொரு போர்டோட தகவல் பரிமாறற லைப்ரரி) சர்வோ லைப்ரரியும் சேர்ந்து ஓடினா சர்வோ விட்டுவிட்டுத் துள்ளும். சர்வோ கெட்டுப்போச்சுன்னு மாத்திட்டு இருப்போம், குத்தம் புரோகிராம்ல இருக்கும்.

கடைசியா கரண்ட். கழுத்துக்குப் போடற எம்ஜி996ஆர் சர்வோ முட்டி நின்னா ஒண்ணு 2.5 ஆம்பியர் இழுக்கும். மூணு கழுத்து, ஒரு தாடைன்னா 6 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளை எடுங்க. ஊனோவோட 5 வோல்ட் பின்ல இருந்து சர்வோவுக்குக் கொடுத்தா வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும், மண்டை ஓடு பாதி வசனத்துல மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். சர்வோ சப்ளை தனி, கிரவுண்ட் மட்டும் பொது, சர்வோ பக்கத்துல ஒரு 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். ஆம்ப்ளிஃபையருக்கும் தனி சப்ளை, இல்லாட்டி கழுத்து திரும்பற ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர் உறுமும்.

வசனம் முடிஞ்சதும் தாடை சர்வோவை டிடாச் பண்ணிடுங்க, அதாவது பல்ஸ் அனுப்பறதை நிறுத்திடுங்க. இல்லன்னா சும்மா இருக்கறப்போவும் கொசு மாதிரி ரீங்காரம் கேக்கும், இருட்டுல ஒளிச்சு வச்சிருக்கற மண்டை ஓடு அங்கயே காட்டிக் கொடுத்துடும். கழுத்தை மட்டும் டிடாச் பண்ணாதீங்க, தலை தொங்கிடும்.