திருடன் கொடுத்த ரசீது

[திரையில்: இருட்டுச் சந்து. பணப்பையை நீட்டும் ஒரு கை. அதை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டை நீட்டும் இன்னொரு கை.]

உங்களை வழிமறித்துப் பணத்தைப் பறித்த திருடன், போகும்போது ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் திருடர் சங்கத்தின் முறையான உறுப்பினன். ஆண்டுக்கு இவ்வளவு திருட்டு என்று சங்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. முன்கூட்டியே சந்தா கட்டிவிட்டால் உங்கள் வீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். உரிமம் இல்லாமல் எவனாவது திருடினால், அவனைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதும் இதே சங்கம்தான். எப்படியும் குற்றம் நடக்கத்தான் போகிறது, ஒழுங்காக நடக்கட்டுமே என்பது நகரை ஆளும் வெட்டினாரி பிரபுவின் கணக்கு.

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் படைத்த ஆங்க்-மார்போர்க் என்ற கற்பனை நகரம் இது. 1983 முதல் 2015 வரை வெளிவந்த அவருடைய டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் 41. அவற்றில் எட்டு, இந்த நகரத்தின் காவல் படையைச் சுற்றி நடப்பவை. டிராகன், குள்ளர், ஓநாயாக மாறும் பெண் என்று மாயாஜாலத்துக்குக் குறைவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் இவற்றைப் படித்த பிறகு நான் போலீஸ் செய்திகளைப் பழையபடி படிப்பதில்லை. அது எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்த வீடியோ. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் தேவைப்படும்.

[திரையில்: வாளோடு கதாநாயகன். அவன் முன்னால் பெயரில்லாத காவலர்கள் வரிசையாகச் சாய்கிறார்கள்.]

சாகசக் கதைகளில் காவலர்களுக்கு என்ன வேலை? மூன்றாம் அத்தியாயம் வாக்கில் அறைக்குள் ஓடிவந்து, ஒருவர் பின் ஒருவராகக் கதாநாயகனிடம் வெட்டுப்பட்டுச் சாவது. 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலை பிராட்செட் அந்த அப்பாவிகளுக்குத்தான் சமர்ப்பித்தார். உங்களுக்கு இதில் விருப்பமா என்று அவர்களை யாருமே கேட்டதில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

அந்தக் கதையில் இரவுக் காவல் படை என்றால் மொத்தம் மூன்று பேர். தலைவர் சாம் வைம்ஸ் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கிறார். திருடனைத் துரத்த நேர்ந்தால் மற்ற இருவரும் மெதுவாகவே ஓடுவார்கள். தப்பித் தவறிப் பிடித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது?

அங்கே கேரட் என்ற இளைஞன் வந்து சேருகிறான். குள்ளர்கள் எடுத்து வளர்த்த நெடுமரம். சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவன். வந்த வேகத்தில் திருடர் சங்கத் தலைவரையே கைது செய்துவிடுகிறான். குற்றச்சாட்டு? அவர் திருடர். வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம், சிரிக்கத்தான் செய்கிறோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கிறது. இதில் அசடு யார்? சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவனா, அதை மறந்து பிழைக்கக் கற்றுக்கொண்ட ஊரா? இதையே யாராவது மேடையேறி முழங்கியிருந்தால் எழுந்து போயிருப்போம். சிரிக்க வைத்ததால் உட்கார்ந்திருக்கிறோம்.

[திரையில்: ஈரக் கற்சாலை. ஓட்டை விழுந்த ஒரு பூட்ஸ்.]

1993இல் 'மென் அட் ஆர்ம்ஸ்' வந்தது. இதில் வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் வாங்க 50 டாலர் வேண்டும். அது பத்து ஆண்டுகள் உழைக்கும். அவரால் முடிந்தது 10 டாலர் பூட்ஸ். ஒரு பருவமோ இரண்டு பருவமோ தாங்கும், பிறகு அட்டை நைந்து தண்ணீர் புகும். ஆக, அதே பத்து ஆண்டுகளில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், காலும் நனைந்தபடியே இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம். அடி தேய்ந்த அந்த பூட்ஸின் வழியே கல்லைத் தடவிப் பார்த்தே, பனி மூடிய இரவிலும் தான் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று வைம்ஸால் சொல்லிவிட முடியும்.

ஒரு போலீஸ்காரர் வறுமையை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் கூட்டல் கழித்தலாகப் பார்க்கிறார். இந்தக் கணக்கு நாவலைவிட்டு வெளியேயும் வந்துவிட்டது. 2022இல் பிரிட்டனில், மிக மலிவான உணவுப் பொருட்களின் விலையேற்றத்தைத் தனியே கணக்கிட ஒரு குறியீட்டை அறிவித்தபோது, அதற்கு 'வைம்ஸ் பூட்ஸ் குறியீடு' என்றே பெயர் வைத்தார்கள். பிராட்செட்டின் படைப்புரிமையைக் கவனிப்பவர்களும் சம்மதித்தார்கள்.

[திரையில்: ஒரு களிமண் தலை. மூடிபோல் திறக்கிறது. உள்ளே ஒரு சுருட்டிய தாள்.]

இரண்டாவது ரசீது 1996இல் வந்த 'ஃபீட் ஆஃப் கிளே' நாவலில் இருக்கிறது. கோலெம்கள் என்ற களிமண் மனிதர்கள் தலைக்குள் வைத்த சீட்டின்படி உழைப்பவர்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் சாமான்கள், விலைக்கு வாங்கலாம், விற்கலாம். டார்ஃபல் என்ற கோலெமை கேரட் விலைக்கு வாங்குகிறான். வாங்கியதற்கான ரசீதை டார்ஃபலின் தலைக்குள்ளேயே வைத்து மூடுகிறான். இனி அதற்கு உரிமையாளர் அதுவேதான். சட்டத்தோடு அவன் மல்லுக்கு நிற்கவில்லை. அதன் சொல்லையே பிடித்துக்கொண்டு கடைசி வரை நடக்கிறான், மறுமுனையில் விடுதலை நிற்கிறது. டார்ஃபல் பிறகு காவல் படையில் சேருகிறது.

மூன்றாவது ரசீதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது.

[திரையில்: இரவு. பூட்டிய வண்டி ஒன்று ஒரு கட்டடத்தின் முன் நிற்கிறது.]

2002இல் வந்த 'நைட் வாட்ச்'. வைம்ஸ் முப்பது ஆண்டுகள் பின்னால் தூக்கியெறியப்படுகிறார். ஒரு கொடுங்கோலனின் ஆட்சி, ஊரடங்கு. ஊரடங்கை மீறியவர்களைக் காவலர்கள் வண்டியில் ஏற்றி, கேபிள் தெருவில் உள்ள ரகசியப் போலீசாரிடம் ஒப்படைப்பது வழக்கம். கதவு திறக்கும், ஆட்கள் உள்ளே போவார்கள், கதவு மூடும். வைம்ஸ் அந்த வாசலில் நின்று கைதிகளுக்கு ரசீது கேட்கிறார். அங்கே இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் வீர வசனம் பேசவில்லை, ஒரு கையெழுத்து கேட்கிறார். ரசீது இல்லாமல் உள்ளே போனவர் உள்ளே போகவே இல்லை என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். கையெழுத்து இருந்தால் அவர் எங்கே என்று கேட்க ஒரு பெயராவது இருக்கும். திருடனின் ரசீதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய வாசகர் இங்கே வந்து நிற்கிறார். அதனால்தான் இந்தக் காட்சி இவ்வளவு கனக்கிறது.

இதே நாவலில், நகரம் கொதிக்கும் ஓர் இரவில் வைம்ஸ் காவல் நிலையத்தின் கதவுகளைத் திறந்துவைத்து, விளக்குகளை ஏற்றி, கையில் கோக்கோவோடு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் வருகிறது, பார்க்கிறது, கல்லெறிய ஒரு காரணமும் கிடைக்காமல் நிற்கிறது. கதையில் கிளர்ச்சி நடந்த நாள் மே 25, அதில் போராடியவர்கள் அணிந்தது லைலாக் பூ. இந்த நாவலின் நினைவாக இன்றும் அதே நாளில் லைலாக் பூ அணியும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

[திரையில்: கண்ணாடி முன் தனியாக ஒரு காவலர்.]

சரி, வேலியே பயிரை மேய்ந்தால்? 2005இல் வந்த 'தட்!' நாவலில் கணக்குத் தணிக்கை செய்ய வந்த ஒரு குமாஸ்தா இதைக் கேட்டேவிடுகிறார். காவலர்களைக் காவல் காப்பது யார்? நான்தான் என்கிறார் வைம்ஸ். உங்களை? அதையும் நானே செய்கிறேன், எப்போதும்.

அற்புதமான பதில், அதே அளவுக்கு ஆபத்தான பதிலும்கூட. இந்த நாவல்களோடு எனக்குப் பிணக்கு இங்கேதான். வைம்ஸ் நல்லவர் என்பது நமக்குத் தெரியும், அவர் மனதுக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். நிஜத்தில் எந்தக் காவலரின் மனதுக்குள்ளும் நமக்கு இடம் கிடையாது. நேர்மையான ஓர் அதிகாரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பை இந்தக் கதைகள் கிண்டல் செய்துகொண்டே வளர்க்கவும் செய்கின்றன.

2011இல் வந்த 'ஸ்னஃப்' இதற்குச் சாட்சி. கோப்ளின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் கொல்லப்படுகிறாள். கோப்ளின்களைச் சட்டம் மனிதர்களாகவே எண்ணவில்லை, ஆகவே கொலை வழக்கும் இல்லை. தன் அதிகார எல்லைக்கு வெளியே போய் வைம்ஸ் கொலைகாரனைத் துரத்துகிறார். நாம் கைதட்டுகிறோம். கடைசியில் பிடிபட்டவன் தப்புகிறான். சாலையில் அவனை வழிமறிப்பது வைம்ஸின் வீட்டுப் பணியாள். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, கொலைகாரன் அங்கேயே செத்துப்போகிறான்.

முதல் முறை படித்தபோது நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாம் முறைதான் அந்தச் சாலையில் ரசீதைத் தேடினேன்.

[திரை இருள்கிறது.]